பிரான்சில் பாறை ஏறப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி: ஃபோந்தென்புளோ மணலிலிருந்து வெர்தோன் பள்ளத்தாக்கு வரை

பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் ஃபோந்தென்புளோ காடு. பைன், ஓக் மரங்களுக்கு நடுவே திடீரென்று கடற்கரை மாதிரி வெள்ளை மணல் விரியும். அந்த மணலில் படுத்துக் கிடக்கும் யானைகளைப் போலச் சாம்பல் நிறப் பாறைகள். உள்ளரங்கச் சுவர்களில் இரண்டு வருடம் பழகிவிட்டு நான் முதல் தடவை அங்கே போனேன். ஒரு பாறையின் அடியில் நின்று மேலே கையை நீட்டினால் பிடிக்க ஒன்றுமே இல்லை. வழுவழுவென்று உருண்ட முதுகு மட்டும்தான். பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், தேய்ந்துபோன காலணியைத் துணியில் துடைத்துக்கொண்டு, அதே பாறையில் உள்ளங்கையைச் சும்மா சாய்த்து வைத்து நடந்தே ஏறினார். மறுபக்கம் இறங்கி, அடுத்த அம்புக்குறியைத் தேடிப் போய்விட்டார். அவர் காலால் ஏறினார். நான் கையால் ஏறப் பார்த்தேன்.

பிரான்சில் மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை, கருங்கல் மூன்றும் உண்டு. பெயர் கேள்விப்பட்ட இடத்துக்கு நேராகப் போய்விட ஆசை வரும். அதற்கு நான் உடன்பட மாட்டேன். ஒவ்வொரு இடமும் ஒரு பாடம் சொல்லித் தரும். முந்தைய பாடம் உடம்பில் ஏறாமல் அடுத்ததற்குப் போனால் பயம்தான் மிஞ்சும். இங்கே படிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

இடத்தை விட மாதம் முக்கியம். ஃபோந்தென்புளோ மணற்பாறையில் பிடிமானம் முழுக்க உராய்வுதான். வெயிலில் கை வியர்த்தால் அது போய்விடும். கடினமான பாறைகளைக் குறிவைத்திருப்பவர்கள் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, குளிர்ந்து காய்ந்த நாளாகப் பார்த்துப் போவார்கள். முதல் பயணம் என்றால் ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர், அக்டோபர் சுகம். தெற்கே மார்செய் பக்கம் வசந்தமும் இலையுதிர் காலமும் நல்லது. வெயில் படும் பாறைகளில் குளிர்காலத்தில்கூட ஏறலாம். வெர்தோனுக்கு ஏப்ரலிலிருந்து ஜூன், பிறகு செப்டம்பர், அக்டோபர். உயரத்தில் இருக்கும் சேயூஸுக்குக் கோடையும் இலையுதிர் காலத் தொடக்கமும். ஆல்ப்ஸ் மலை ஊரான ஷமோனியின் உயர்ந்த கருங்கல் சுவர்களுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரைதான்.

ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்காதீர்கள். இரண்டு வாரம் இருந்தால் ஃபோந்தென்புளோவில் ஐந்து நாள், கயிறு கட்டி ஏறிப் பழக ஒர்பியேர் கிராமத்தில் நான்கு நாள், மீதி நாட்களில் தெற்கே ஒரு இடம். அதுவே நிறைவாக இருக்கும்.

படி 2: எண்ணும் எழுத்தும்

பிரெஞ்சுத் தர அளவு எண், எழுத்து, சில நேரம் கூட்டல் குறி என்று போகும்: 5, 6ஏ, 6ஏ+, 6பி. குழப்பம் எங்கே வருகிறது என்றால், கயிறு கட்டி ஏறும் பாதைகளுக்கும் தாழ்வான பாறைகளில் கயிறில்லாமல் ஏறும் போல்டரிங்குக்கும் இதே எழுத்துகள்தான். போல்டரிங் தரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்திலும், கயிற்றுப் பாதைத் தரத்தைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. கயிற்றில் 6ஏ ஏறுபவர் ஃபோந்தென்புளோவின் 6ஏ-வில் நாள் முழுக்க முட்டிக்கொள்ளலாம். நான்கைந்து அசைவுகளுக்குள் முழுக் கடினத்தையும் அடைத்து வைத்த எண் அது. பா குவியே பகுதியில் இருக்கும் 'லா மரி-ரோஸ்' என்ற பாறை 1946-இல் ஏறப்பட்டது. அந்தக் காட்டின் முதல் 6ஏ என்று சொல்லப்படுவது அதுதான். இத்தனை வருடக் காலடிகளில் கண்ணாடி போலத் தேய்ந்திருக்கிறது. எண்ணை மட்டும் நம்பிப் போனால் என்ன ஆகும் என்பதை அதன் அடியில் நின்றால் புரிந்துகொள்ளலாம்.

படி 3: சாமானும் காப்பீடும்

போல்டரிங்குக்கு வேண்டியவை: ஏறும் காலணி, கை வியர்வையை உறிஞ்சும் சாக் பொடி, மென்மையான பிரஷ், கால் துடைக்க ஒரு துணி, விழுந்தால் தாங்கும் கிராஷ் பேட். பேடை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டாம். ஃபோந்தென்புளோ வட்டாரக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். கயிறு ஏற்றத்துக்கு இடுப்பில் மாட்டும் ஹார்னஸ், ஹெல்மெட், கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்துக் காக்கும் (பிலே) கருவி, கயிற்றைப் பாறை ஆணியில் மாட்டும் குயிக்டிரா பதினைந்து இருபது, 70 அல்லது 80 மீட்டர் கயிறு. தென் பிரான்சின் சுண்ணாம்புப் பாறைகளில் பாதைகள் நீளம். 60 மீட்டர் கயிற்றோடு போனால், ஏறியவரை இறக்கும்போது அவர் தரையை எட்டும் முன்பே கயிறு தீர்ந்துவிடக்கூடும். எந்த நீளமானாலும் கயிற்றின் அடி நுனியில் ஒரு முடிச்சுப் போடும் பழக்கத்தை விடாதீர்கள்.

காப்பீட்டில் இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். வழக்கமாக விற்கும் பயணக் காப்பீடுகளில் பல, பாறை ஏற்றத்தை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கும். அந்தப் பக்கத்தை வரி விடாமல் படித்து, ஏற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும் காப்பீடாக எடுங்கள். ஆபத்து என்றால் 112-ஐ அழைக்க வேண்டும். மலையிலிருந்து உங்களைத் தூக்கிக்கொண்டு வரும் அரசு மீட்புக் குழு பிரான்சில் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. மருத்துவமனைச் செலவு தனி.

படி 4: ஃபோந்தென்புளோவில் முதல் ஐந்து நாள்

இந்தக் காடு ஒரு காலத்தில் கடல். சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல், சிலிக்காவால் இறுகிப் பாறையானது. அதனால்தான் பாறையும் வெள்ளை மணலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. பாரிஸ் வீதிகளில் பதித்த கற்களில் பல இங்கே வெட்டப்பட்டவை. 19-ஆம் நூற்றாண்டில் பக்கத்து பார்பிசோன் கிராமத்து ஓவியர்கள் மரம் வெட்டுவதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1861-இல் காட்டின் ஒரு பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அழகுக்காக ஒரு காட்டைக் காப்பாற்றியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மலையேறிகளுக்கு இது பயிற்சிக் களமாகத் தொடங்கியது. ஆல்ப்ஸுக்குப் போக முடியாத வாரக்கடைசிகளில் பாரிஸ்காரர்கள் இங்கே வந்தார்கள். அவர்களில் ஒருவர் பியேர் அல்லேன். 1935-இல் ஷமோனிக்கு மேலே இருக்கும் பெத்தி த்ருவின் வடமுகத்தை முதலில் ஏறிய இருவரில் ஒருவர். வழவழப்பான ரப்பர் அடி கொண்ட ஏறும் காலணியை உருவாக்கியவரும் அவரே. இன்று நாம் போடும் காலணிக்கு அதுதான் மூதாதை. இந்தப் பாறைகளில் நிற்பதற்காகவே பிறந்தது.

போவது எப்படி: பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து ஆர் தடப் புறநகர் ரயில். ஃபோந்தென்புளோ-அவோன் நிலையத்துக்குச் சுமார் 40 நிமிடம். அங்கிருந்து பாறைகள் தள்ளித்தான் இருக்கும். சைக்கிளோ காரோ வேண்டும். வண்டி இல்லாதவர்கள் அதற்கு முந்தைய புவா-ல-ருவா நிலையத்தில் இறங்கினால் ரோஷே கனோன் பகுதிக்கு முக்கால் மணி நேரத்தில் நடந்தே போய்விடலாம். நல்ல காட்டு நடை, நான் சிபாரிசு செய்வேன். பாரிஸில் தங்குபவர்கள் முந்தின நாள் மாலை லா சப்பல் தமிழ்க் கடைகளில் சாப்பாட்டுச் சாமான் வாங்கி வைத்துக்கொள்ளலாம். காட்டுக்குள் கடை கிடையாது, தண்ணீரும் கிடையாது. காரில் வந்தால் எதையும் வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள். காட்டு நிறுத்துமிடங்களில் கண்ணாடி உடைத்துத் திருடுவது நெடுநாள் தொல்லை.

இனி முக்கியமான விஷயம்: சுற்று. பாறைகளில் சிறிய அம்புக்குறியும் எண்ணும் வண்ணத்தில் தீட்டியிருக்கும். 1 என்ற பாறையில் ஏறி, இறங்கி, அம்பு காட்டும் 2-க்குப் போக வேண்டும். இப்படி 30, 40, சில இடங்களில் 60 பாறைகள் கூட. இப்படி வண்ணமிட்ட முதல் சுற்று 1947-இல் உருவானது. அந்தக் காலத்தில் இது ஒரு நீண்ட மலைப் பாதையை ஏறும் களைப்பை உடம்புக்குப் பழக்கும் வழி. மஞ்சள் எளிது, ஆரஞ்சு அடுத்தது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கருப்பு மிகக் கடினம். வெள்ளை மட்டும் இடத்துக்கு இடம் மாறும்: ஒரு பகுதியில் குழந்தைகளுக்கானது, இன்னொன்றில் எல்லாவற்றையும் விடக் கடினமானது. தொடக்கப் பாறையிலோ வழிகாட்டிப் புத்தகத்திலோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் நாள் மஞ்சள் சுற்று. நீங்கள் உள்ளரங்கில் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி. கான்ஷ் ஓ மெர்சியே பகுதி இதற்குப் பொருத்தம். தரை சமம், நடையும் குறைவு. ஒவ்வொரு பாறையிலும் கையைத் தோளுக்கு மேலே தூக்காமல் ஏற முடியுமா என்று பாருங்கள். குதிகாலைத் தாழ்த்தி, ரப்பர் முழுவதும் பாறையில் படிய நில்லுங்கள். பாறையின் உச்சியில் பிடிப்பே இல்லாமல் உள்ளங்கையை ஊன்றி உடம்பை மேலே தள்ளும் ஒரு அசைவு வரும். நீச்சல் குளத்திலிருந்து கரையேறுவதைப் போன்றது. இந்தக் காட்டின் கையெழுத்தே அதுதான். மஞ்சளிலேயே அதைப் பழகிவிட்டால் நீலத்தில் தடுமாற மாட்டீர்கள். இறங்கும் வழியை ஏறும் முன்பே போய்ப் பார்த்து வையுங்கள். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் மேலிருந்து அவசரமாகக் குதிக்கும்போதுதான்.

இரண்டாம் மூன்றாம் நாட்களில் ஆரஞ்சு. கூ து ஷியேன் மணல்வெளிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒற்றைக் காலில் நிற்பது போன்ற 'பில்போக்கே' பாறையை மாலை வெயிலில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான்காம் நாள் ஓய்வு; விரல் தோல் ஆற வேண்டும். ஐந்தாம் நாள் ஃபிரான்ஷார் இசாதிஸில் நீலத்தைத் தொட்டுப் பாருங்கள். பழங்காலப் பாறைகளைப் பார்க்க பா குவியேவுக்குப் போகலாம், ஆனால் அது தேய்ந்து வழுக்கும். முதல் நாளில் அங்கே போய் மனம் நொந்து திரும்பியவர்களை நான் அறிவேன்.

இனிச் சொல்வதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். மழை பெய்தால் ஏறாதீர்கள். மணற்பாறையின் வெளித்தோல்தான் கெட்டி; உள்ளே மணலுக்கும் பாறைக்கும் இடைப்பட்ட மென்மை. ஈரம் இறங்கினால் பாறை வலுவிழக்கும். அந்த நேரம் ஒரு விளிம்பில் தொங்கினால் தோல் பிய்ந்து வரும்; உள்ளே இருப்பது விரலால் சுரண்டினாலே உதிரும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான பிடி ஒரு பிற்பகலில் போய்விடும், திரும்ப வராது. மேல்பரப்பு காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே காய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மணல் ஒட்டிய காலணி உப்புத்தாள் மாதிரி பாறையைத் தேய்க்கும். அதனால்தான் அந்தப் பெரியவர் ஒவ்வொரு தடவையும் துடைத்தார். கம்பி பிரஷ் கூடாது. சாக்கைக் குறைவாகப் பூசி, போகும்போது துடைத்துவிட்டுப் போங்கள். பைன் பிசினைத் துணியில் கட்டிப் பாறையில் அடிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு, அது பாறையில் பளபளப்பான பூச்சாக இறுகிவிடும். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காட்டில் நெருப்பு மூட்டக்கூடாது. உண்ணி உண்டு, அது கடித்தால் லைம் என்ற தொற்று நோய் வரலாம். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள்.

படி 5: கயிற்றுக்கு ஒர்பியேர்

தென்கிழக்கில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில், சிஸ்தெரோன் நகருக்கு வடமேற்கே இருக்கும் சிறிய கிராமம் ஒர்பியேர். ஊரிலிருந்தே நடந்து போய்ச் சேரும் தூரத்தில் சுண்ணாம்புப் பாறைகள். 4, 5 தரத்தில், கயிற்றை மாட்ட ஆணி நெருக்கமாக அடித்த பாதைகள் ஏராளம் என்பதால், கயிற்றை ஆணிகளில் மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறிப் பழக பிரான்சில் இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இங்கே நீங்கள் கற்க வேண்டியது பழக்கம். ஹார்னஸில் கயிற்றைக் கட்டும் எட்டு வடிவ முடிச்சைத் துணைவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே தரையை விட்டுக் கிளம்புவது. பாதையின் உச்சியில் இருக்கும் வளையத்தில் கயிற்றை மாற்றிக் கட்டுவதைத் தரையிலேயே நூறு தடவை செய்து பார்ப்பது. 'இறக்கு' என்றால் என்ன, 'நானே இறங்குகிறேன்' என்றால் என்ன என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. நான்காம் நாள், ஊருக்கு மேலே எழும் கிக்கியோன் பாறையில் நடுநடுவே ஆணியில் கட்டிக்கொண்டு நின்று, பல கட்டங்களாக ஏறும் எளிய பாதை ஒன்றை முயன்று பாருங்கள்.

படி 6: தெற்கே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

கலாங்க். மார்செய்க்கும் காசிக்கும் நடுவே, கடலில் நேராக இறங்கும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்கள். 1921-இல் மார்செய்யில் பிறந்த புகழ்பெற்ற மலைவழிகாட்டி காஸ்தோன் ரெபுஃபா ஏறப் பழகியது இங்கேதான். 2012 முதல் தேசியப் பூங்கா. கோடையில் காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்துப் பாதைகளை மூடுவார்கள், முந்தின நாள் மாலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சுஜிதோன் விரிகுடாவுக்குக் கோடையில் இலவச முன்பதிவு தேவை. உள்ளே குடிநீர் ஊற்று கிடையாது. உப்புக் காற்றில் ஆணிகள் அரிக்கும்; துருப்பிடித்த பழைய ஆணியில் எடையைப் போடாதீர்கள்.

பியூக்ஸ். லுபேரோன் மலையில், அப்த் ஊருக்குப் பக்கம். 1980-களில் உலகின் கடினமான பாதைகள் உருவான பள்ளத்தாக்கு. 1985-இல் அந்துவான் லெ மெனெஸ்த்ரெல் இங்கே ஏறிய 'லா ரோஸ் ஏ ல வாம்பீர்' பாதையில், ஒரு கையை மறு கைக்கு அடியில் குறுக்கே கொண்டுபோய் முகம் பாறையைப் பார்க்காத அளவுக்கு உடம்பைத் திருப்பும் அசைவு இருக்கிறது. இன்று உலகெங்கும் அந்த அசைவுக்கு 'ரோஸ்' என்றே பெயர். பாறை முழுக்க ஒன்று இரண்டு விரல் மட்டும் நுழையும் குழிகள். விரல் தசைநார் பழகாதவர்கள் இங்கே அவசரப்படக்கூடாது, தரங்களும் கறாரானவை.

சேயூஸ். காப் நகருக்கு அருகே, மலை உச்சியில் கிரீடம் சூட்டியது போல நீலச் சாம்பல் பாறை வளையம். மேலே போக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் செங்குத்து நடை. 2001-இல் அமெரிக்கர் கிரிஸ் ஷர்மா இங்கே 'பியோகிராஃபி'யை முடித்தார், 9ஏ+ தரத்தில். 2017-இல் அதே பாதையை முடித்த மார்கோ ஹேய்ஸ் அந்தத் தரத்தை உறுதியாக எட்டிய முதல் பெண். இங்கே ஆணிகள் தூரம் தூரமாக இருக்கும். கையில் வலு இருந்தும், கடைசி ஆணி காலுக்குக் கீழே மூன்று மீட்டரில் இருக்கும்போது மூச்சு நடுங்கும். விழுந்து பழக வேண்டும்; பத்திரமான உயரத்தில், கவனமான பிலேயோடு, வேண்டுமென்றே. 6பி-யை நிதானமாக ஏறுபவர்களுக்கே இந்த நடை பயன் தரும்.

வசந்த காலத்தில் இந்த இடங்கள் எதற்குப் போனாலும், பறவைகள் கூடு கட்டுவதால் சில சுவர்கள் மூடியிருக்கலாம். பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள்.

படி 7: ஷமோனி, வழிகாட்டியோடு

கருங்கல் பிடித்தவர்களுக்கு ஷமோனி. ஊரை ஒட்டிய லே கயான் பாறையில் தொடக்கக்காரர்கள் ஏறலாம். 3,842 மீட்டர் உயர எகுயி து மிதி சிகரத்துக்குக் கேபிள் கார் இருபது நிமிடத்தில் கொண்டுபோய்விடும், அதுதான் ஆபத்தும். உடம்பு அந்த உயரத்துக்குப் பழகியிருக்காது. பனிப்பாளத்தில் கால் வைக்கும் எந்தத் திட்டத்துக்கும் தகுதி பெற்ற வழிகாட்டியை அமர்த்துங்கள். இங்கே இருக்கும் வழிகாட்டிகள் சங்கம் 1821 முதல் இயங்குகிறது.

படி 8: வெர்தோன்

இதைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் முன்னே கற்ற எல்லாவற்றையும் இது ஒரே நாளில் கேட்கும். ஆழம் 700 மீட்டர் வரை போகும் சுண்ணாம்புப் பள்ளத்தாக்கு. அடியில் பச்சை நிற ஆறு. தங்கும் ஊர் லா பலு. 1980-களில் பிரெஞ்சு ஏற்றத்தின் முகமாக இருந்த பத்ரிக் எத்லிஞ்செர் கடைசி வரை வாழ்ந்ததும் இங்கேதான். முக்கியச் சுவரின் பெயர் எஸ்கலேஸ். சுமார் 300 மீட்டர். அதில் போடப்பட்ட முதல் பெரிய பாதை 1968-இன் 'லா தெமாந்த்'. 1999-இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட பிணந்தின்னிக் கழுகுகள் உங்கள் முதுகுக்குப் பின்னால், சில நேரம் உங்களுக்குக் கீழேயும், சிறகசைக்காமல் மிதக்கும்.

இங்கே பல பாதைகள் தலைகீழ்: சாலை மேலே, பாதை கீழே. சுவரின் விளிம்பிலிருந்து கயிற்றில் தொங்கி இறங்கி, பிறகு ஏறி வெளியே வர வேண்டும். ஆகவே உங்கள் வழக்கமான தரத்தை விட இரண்டு படி குறைந்த பாதையைத் தேர்ந்தெடுங்கள். முதல் தடவை முழுச் சுவருக்கும் போகாமல், விளிம்புக்குக் கீழே ஒன்றிரண்டு கட்டம் மட்டும் இறங்கி ஏறும் பாதையே போதும். ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஹெல்மெட், இரண்டு கயிறு, கயிற்றிலேயே மேலேறப் புருசிக் கயிற்றுத் துண்டுகள். இடி மழை அறிவிப்பு இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம்.

கீழ்த் தளத்துக்கு வந்ததும் உடனே கயிற்றை உருவிவிடாதீர்கள். இருவரும் ஆணியில் கட்டிக்கொண்டீர்களா என்று பாருங்கள். கயிற்று நுனி முடிச்சை அவிழ்த்தாயிற்றா என்று பாருங்கள். பாதையின் முதல் சில மீட்டரைக் கண்ணால் படித்து, இதுதான் நாம் தேடி வந்த பாதையா என்று வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மணியைப் பாருங்கள். துணைவரிடம், 'ஏறிவிடலாமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் தயங்கினால் கயிறு இன்னும் மேலே கட்டியபடி இருக்கிறது, புருசிக்கைப் போட்டுத் திரும்பிவிடலாம். அவர் தலையசைத்த பிறகு இழுங்கள்.